காரிடம் வாங்கிய கடன்

பத்து மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றில் இரண்டு பேர் மாதக்கணக்கில் கடலில் வாழ்கிறார்கள் என்றால், அவர்களுக்குக் கரையிலிருந்து மின்கம்பி எதுவும் வராது. பாய்மர உச்சியில் எரியும் விளக்கு, ஆழம் காட்டும் கருவி, ரேடியோ, தண்ணீர் பம்ப், குளிர்பெட்டி என எல்லாவற்றுக்கும் இருக்கைக்கு அடியில் வரிசையாகக் கட்டி வைத்த சில 12 வோல்ட் பேட்டரிகள்தான் கதி. அவற்றை எப்படி நிரப்புவது என்பது இத்தகைய படகுகளின் பழைய கவலை. அந்தக் கவலையின் வரலாற்றை மின்சாரம் உண்டாக்கும் கருவிகளின் வரலாறாகச் சொல்வதே வழக்கம்: முதலில் டைனமோ வந்தது, பிறகு ஆல்டர்னேட்டர், பிறகு காற்றாடி, பிறகு சூரியத் தகடு, ஒவ்வொன்றும் முன்னதைவிட மேல். இந்தக் கதையில் எனக்கு உடன்பாடில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தப் படகுகளில் மின்சாரம் உண்டாக்கும் வழிக்குப் பஞ்சமே இருக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள பேட்டரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை யாரும் கணக்கில் கொள்ளாததுதான் கோளாறு. அதற்குக் காரணம், படகுக்காரர்கள் தங்கள் மின் ஏற்பாட்டைக் காரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய உறவினர் வேறொருவர்.

பேட்டரியின் இயல்பிலிருந்து தொடங்குவோம். பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே 1859-இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய முதல் மின்கலத்தை உருவாக்கினார். 1881-இல் கமில் ஃபோர் ஈயக் கலவையைப் பசையாக்கித் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்ததும் அது தொழிலாகப் பெருகியது. வீட்டு இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர்களுக்கு அதன் வாரிசைத் தெரியும். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. நிரப்பும்போது அது கரைந்து பழையபடி ஈயமாகவும் ஈய ஆக்ஸைடாகவும் மாறுகிறது. பாதி காலியான பேட்டரி ஆரம்பத்தில் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய எண்பது சதவீதம் நிரம்பியதும் வேகம் தளரும். தகட்டின் மேற்பரப்பில் உள்ள சல்ஃபேட் தீர்ந்து, உள்ளே நுண்துளைகளில் இருப்பதற்கு அமிலம் ஊறிச் செல்ல வேண்டும். அதை எந்த இயந்திரமும் அவசரப்படுத்த முடியாது. மின்னழுத்தத்தை மிகவும் ஏற்றினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனாகக் கொப்பளிக்குமே தவிர, வேலை வேகமாக நடக்காது. கடைசி இருபது சதவீதத்துக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் கடைசிப் பங்கை நாள்தோறும் நிரப்பாமல் விட்டால், மிஞ்சிய சல்ஃபேட் கெட்டிப்பட்டுக் கல்லாகிறது. பிறகு அது எதற்கும் கரையாது. படகுகளில் செத்த பேட்டரிகளில் பெரும்பாலானவை இப்படி அரைவயிற்றோடு கிடந்தே செத்தவை.

இதையெல்லாம் மனிதர்கள் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரப் படகின் முதல் தலைமுறைக்கே இது தெரிந்திருந்தது. 1880-களின் இறுதியில் லண்டன் அருகே தேம்ஸ் நதியில், கடிகாரத் தொழிலிலிருந்து மின்பொறியியலுக்கு வந்த மோரிட்ஸ் இம்மிஷ் என்ற ஜெர்மானியர் உல்லாசப் படகுகளைப் பேட்டரியால் ஓட்டினார். 1888-இல் அவர் நீரில் இறக்கிய ‘வைகவுன்டஸ் பரி’ பல பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு புகையும் சத்தமும் இல்லாமல் போனது. அந்தப் படகுகளுக்காக நதியில் ஆங்காங்கே நீராவி எஞ்சினும் டைனமோவும் பொருத்திய மிதவைகள் நிறுத்தப்பட்டன. பகலில் ஓடிய படகு மாலையில் மிதவையின் பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளும், இரவு முழுக்க மெதுவாக நிரம்பும், காலையில் கிளம்பும். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்வழிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் மக்களை ஏற்றி இறக்கின. அவையும் இரவில் நிரம்பிப் பகலில் ஓடியவைதான். பேட்டரிக்கு வேண்டிய நேரத்தை அதற்குக் கொடுப்பது என்பதே அந்தக் காலத்து ஏற்பாட்டின் அடிப்படை. இரவு என்ற நீண்ட பொழுதை அவர்கள் பேட்டரிக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

சிகாகோ படகுகளைச் செய்தது எல்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட எலக்ட்ரிக் லாஞ்ச் கம்பெனி. இங்கேதான் என் வாதத்துக்கு முக்கியமான ஒரு மனிதர் வருகிறார். ஐசக் ரைஸ் என்ற வழக்கறிஞரும் தொழிலதிபருமானவர் பேட்டரி செய்யும் எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனிக்குத் தலைமை வகித்தார். எல்கோவும் அவர் கைக்கு வந்தது. 1899-இல் ஜான் ஹாலண்டின் நீர்மூழ்கி நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு எலக்ட்ரிக் போட் கம்பெனியைத் தொடங்கினார். 1897-இல் நீரில் இறங்கி, 1900-இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய ‘ஹாலண்ட்’ நீர்மூழ்கி, மேலே மிதக்கும்போது பெட்ரோல் எஞ்சினில் ஓடியது. அதே எஞ்சினால் பேட்டரியை நிரப்பிக்கொண்டது. மூழ்கியதும் பேட்டரியில் ஓடியது. ஆக, உல்லாசப் படகும் நீர்மூழ்கியும் ஒரே முதலாளியின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். கரையிலிருந்து கம்பி இல்லாமல், தன் எஞ்சினாலேயே தன் பேட்டரியை ஆழமாகக் காலியாக்கி மீண்டும் முழுதாக நிரப்ப வேண்டிய முதல் கலம் நீர்மூழ்கிதான். இன்றைய சிறு பாய்ப்படகின் மின் நிலைமை சரியாக அதுவே. கலத்தின் அளவு வேறு, கணக்கு ஒன்று.

நீர்மூழ்கிக்காரர்கள் அந்தக் கணக்கைத் தீர்க்கமாகப் போட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றில் தலா 126 செல்கள் கொண்ட இரண்டு பேட்டரித் தொகுதிகள் இருந்தன. அவற்றை நிரப்புவதற்குத் தெளிவான ஒழுங்கு இருந்தது. முதலில் எஞ்சின் கொடுக்கும் முழு வேகத்தில் நிரப்புவார்கள். மின்னழுத்தம் குறித்த அளவை எட்டியதும், அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, செல் சூடாவதையும் கொப்பளிப்பதையும் கவனித்தபடி மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். எந்த வெப்பத்தில் எந்த அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கு வரைபடமே உண்டு. கடைசியில் ‘முடிக்கும் வேகம்’ என்று குறிக்கப்பட்ட சிறிய ஓட்டத்தில் வேலையை நிறைவு செய்வார்கள். மாதிரிக்கு ஒரு செல்லைத் தேர்ந்து, ஹைட்ரோமீட்டரை அமிலத்தில் இறக்கி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் எல்லாச் செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரக் கூடுதல் நேரம் நிரப்புவதும் உண்டு. இன்று கடைகளில் ‘மூன்று கட்ட சார்ஜிங்’ என்று புதுமை போல விற்கப்படுவது பெரும்பாலும் இதுவேதான். ஆட்கள் கையால் செய்ததை இப்போது சில்லு செய்கிறது, அவ்வளவே.

பிறகு எப்படி உல்லாசப் படகு இந்த வழியைத் தவறவிட்டது? நடுவே பெட்ரோல் எஞ்சின் வந்து மின்படகைத் தொழிலிலிருந்து துரத்திவிட்டது. எல்கோவே பெட்ரோல் படகுகளுக்கு மாறியது. அதே காலத்தில் கார் உலகில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகு எல்லாக் கார்களிலும் பேட்டரியும் டைனமோவும் கட்டாயமாகின. லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் மலிந்தன. படகுக்கு ஒரு சிறிய துணை எஞ்சின் வைப்பவர் அந்த எஞ்சினோடு கார் டைனமோவையும், கார் ரெகுலேட்டரையும், கார் பேட்டரியையும் சேர்த்தே வாங்கினார். வேறு எதுவும் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பத்து மடங்கு விலை. கிராமப்புறங்களுக்கு மின்சாரம் வராத அந்தக் காலத்து பிரிட்டனில் ரேடியோவுக்கான பேட்டரியை வாரம் ஒருமுறை மோட்டார் பட்டறைக்குத் தூக்கிப்போய் நிரப்பி வருவது சாதாரணம். அதைப் பார்க்க, படகிலேயே டைனமோ இருப்பது பெரிய வரமாகத் தெரிந்திருக்கும். அந்த வரத்துக்குள் இருந்த பிழை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

அந்தப் பிழையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கார் எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து விநாடி சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து போனது கால் ஆம்பியர்-மணிக்குச் சற்று அதிகம். 30 ஆம்பியர் கொடுக்கும் சாதனம் அதை ஒரு நிமிடத்துக்குள் திருப்பித் தந்துவிடும். பிறகு மணிக்கணக்காகக் கார் ஓடும்போது ரெகுலேட்டரின் வேலை நிரப்புவது என்பதைவிட, நிரம்பிய பேட்டரியைக் கொதிக்க விடாமல் காப்பது என்பதே. அதனால் அதை 13.8-க்கும் 14.2-க்கும் இடையில் ஏதோ ஓர் அழுத்தத்தில் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். அது காருக்கு மிகச் சரியான தீர்வு. 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்த பிறகு, குறைந்த வேகத்திலும் அதிக மின்சாரம் கிடைத்தது. ஆனால் ரெகுலேட்டரின் புத்தி மாறவில்லை. இப்போது அதே சாதனத்தைப் பாய்ப்படகுக்குள் வையுங்கள். 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு நாளில் பாதி போயிருக்கிறது. எஞ்சினைப் போட்டதும் அம்மீட்டர் 50 காட்டுகிறது, படகுக்காரருக்கு மகிழ்ச்சி. சிறிது நேரத்திலேயே பேட்டரியின் அழுத்தம் ஏறி ரெகுலேட்டரின் எல்லையைத் தொடுகிறது, முள் சரசரவென்று இறங்கிவிடுகிறது. எஞ்சின் அறை சூடேறச் சூடேற ரெகுலேட்டர் அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொள்கிறது. அதுவும் காருக்காகச் செய்த ஏற்பாடு. முள் இறங்கியதைப் பார்த்தவர் பேட்டரி நிரம்பிவிட்டது என்று எஞ்சினை அணைக்கிறார். உண்மையில் அது முக்கால் வயிறுகூட நிறைந்திருக்காது.

இதற்கு மேல் ஓர் அவலம் சேர்ந்தது. எஞ்சின் கிளப்பும் பேட்டரியையும் விளக்குக்கான பேட்டரியையும் பிரித்து வைத்து, ஒரே ஆல்டர்னேட்டரால் இரண்டையும் நிரப்ப, நடுவே டையோடு பிரிப்பான் ஒன்றைப் பொருத்தும் வழக்கம் பரவியது. ஒன்று காலியானாலும் மற்றது காலியாகாது என்பதால் அது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. ஆனால் டையோடு தன்னைக் கடக்கும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆல்டர்னேட்டரின் வாயில் 13.8 வோல்ட் இருந்தால் பேட்டரியின் முனையில் 13.1 தான். முழுதாக நிரம்பிய பேட்டரி சும்மா கிடக்கும்போதே 12.7 காட்டும். இந்தச் சிறு வித்தியாசத்தில் பேட்டரியை நிரப்புவது, கிட்டத்தட்ட சமமட்டத்தில் இருக்கும் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே தண்ணீர் பாயக் காத்திருப்பது போன்றது. ரெகுலேட்டரின் உணர்கம்பியை ஆல்டர்னேட்டரிலிருந்து கழற்றி பேட்டரி முனையிலேயே கட்டினால் இந்தக் கோளாறு தீர்ந்துவிடும். ஒரு மீட்டர் கம்பி போதும். அந்த ஒரு மீட்டர் கம்பி இல்லாததால் வீணாய்ப் போன பேட்டரிகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

டீசலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 50 ஆம்பியரை 14 வோல்ட்டில் கொடுப்பது 700 வாட். ஒரு குதிரைத் திறன்கூட முழுதாக இல்லை. ஓட்டம் 10 ஆம்பியருக்கு இறங்கிவிட்டால் 140 வாட். இந்த 140 வாட்டுக்காக 30 குதிரைத் திறன் டீசல் எஞ்சினை நங்கூரத்தில் மணிக்கணக்காக ஓட விடுவது எரிபொருளுக்கும் கேடு, எஞ்சினுக்கும் கேடு. சுமையில்லாமல் ஓடும் டீசலின் சிலிண்டர் சுவர் பளபளவென்று மெழுகிப்போய், எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். ஆகவே கடைசி இருபது சதவீதத்தை எஞ்சினால் நிரப்புவது எந்தப் படகுக்காரருக்கும் கட்டுப்படியாகாத காரியம். தினசரிப் புழக்கம் ஐம்பது சதவீதத்துக்கும் எண்பது சதவீதத்துக்கும் இடையில் ஊசலாடியது. 200 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரி நடைமுறையில் 60 ஆம்பியர்-மணி பேட்டரியாகச் சுருங்கியது. அதுவும் சல்ஃபேட் கெட்டிப்பட ஆண்டுக்காண்டு தேய்ந்தது.

மின்சாரம் ஒரு படகின் விதியை எந்த அளவுக்குத் தீர்மானித்தது என்பதற்கு, தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் 1968-69 கோல்டன் குளோப் போட்டி நல்ல சாட்சி. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய ‘சுஹைலி’யில் சென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அமிலம் கண்ணில் தெறித்தது. பார்வை போய்விடுமோ, கரை திரும்பிவிடலாமா என்று யோசித்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். 1969 ஏப்ரல் 22-இல் முதலாவதாகத் திரும்பினார். டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் மின்னணுப் பொறியாளர். அவருடைய ‘டெய்ன்மவுத் எலக்ட்ரான்’ மின்சாதனங்களை நம்பியே திட்டமிடப்பட்ட படகு. கிளம்பிய சில வாரங்களிலேயே ஜெனரேட்டர் இருந்த அறையின் மூடி ஒழுகி, கடல்நீர் உள்ளே புகுந்தது. ஜெனரேட்டர் இல்லையென்றால் ரேடியோ இல்லை. 1969 ஜனவரியில், தான் இருக்கும் இடத்தைப் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்த அவர், அந்த மூடியை அடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பிவிட்டு ஏறக்குறைய மூன்று மாதம் மௌனமானார். கரையிலிருந்தவர்கள் அதைச் சந்தேகிக்கவில்லை. சிறு படகில் பேட்டரி நிரப்ப முடியாமல் போவது அவ்வளவு இயல்பான செய்தியாக இருந்தது. அவரது முடிவு துயரமானது: ஜூலையில் ஆளில்லாத படகுதான் கண்டெடுக்கப்பட்டது. அதே போட்டியில் பெர்னார் மாய்தெஸியே ரேடியோவே வேண்டாம் என்று மறுத்து, கடந்து போகும் கப்பல்களின் மேல்தளத்துக்கு உண்டிவில்லால் கடிதங்களை எய்தார்.

மாய்தெஸியேவைக் காட்டி ஒரு மறுப்பு எழுப்புவார்கள். அவருக்கு வேண்டியிராத மின்சாரம் மற்றவர்களுக்கு எதற்கு? ஜோஷுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை தனியாக உலகைச் சுற்றியது மண்ணெண்ணெய் விளக்கோடுதானே? பிளாண்டி ஹேஸ்லர் உருவாக்கிய காற்றுச் சுக்கான் ஒரு வாட்கூடக் கேட்காமல் படகைத் திசைபிடித்து ஓட்டுகிறதே? இந்த மறுப்பில் உள்ள மதிப்பை நான் ஏற்கிறேன். ஆனால் ஸ்லோகம் காலத்துக் கடலில் இன்றைய வேகத்தில் இன்றைய கப்பல்கள் போகவில்லை. இரவில் தெரியும்படி ஒரு விளக்கு எரிவது ஆடம்பரம் ஆகாது. 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், சிறு பாய்ப்படகுகள் மூன்று வண்ணங்களையும் ஒரே கூண்டில் வைத்துப் பாய்மர உச்சியில் எரிக்க அனுமதித்தன. அதில் 25 வாட் பல்பு போட்டால் பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 25 ஆம்பியர்-மணி போய்விடும். மேலே சொன்ன 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு விளக்குக்கு. பல படகுகள் நடுக்கடலில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஓடியதற்கு இதுவே காரணம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படகுகளை மீட்டது நிரப்பும் முறை கிடையாது, செலவு குறைந்ததுதான் என்பார்கள். 1990-களில் நீல ஒளி உமிழும் டையோடு வந்தபின் வெள்ளை எல்இடி சாத்தியமாகி, அதே உச்சி விளக்கு இரண்டு மூன்று வாட்டில் எரிகிறது. 25 ஆம்பியர்-மணி செலவு பத்தில் ஒன்றாகிவிட்டது. இது உண்மை, பெரிய உண்மை. ஆனாலும் மிச்சமான மின்சாரம் மிச்சமாகவே இருந்துவிடவில்லை. வெப்பமண்டலக் கடலில் குளிர்பெட்டி மட்டுமே நாளொன்றுக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி குடிக்கிறது. தானியங்கிச் சுக்கானும் திரைகளும் தொடர்ந்தன. அதுபோக, செலவு குறைந்தால் பேட்டரி மெதுவாகக் காலியாகுமே தவிர, முழுதாக நிரம்பிவிடாது. கொஞ்சமாகக் காலியாகி, ஒருபோதும் நிரம்பாத பேட்டரியிலும் சல்ஃபேட் கெட்டிப்படத்தான் செய்யும். சாவு தள்ளிப்போகும், அவ்வளவே.

கார் ரெகுலேட்டரைக் குறை சொல்வது அநியாயம் என்றும் சிலர் வாதிடலாம். ஆளில்லாமல் இயங்கும் பெட்டி அது, அழுத்தத்தை 14.4-இல் பூட்டி வைத்து எட்டு மணி நேரம் எஞ்சினை ஓட்டினால் தண்ணீர் வற்றும், தகடு உதிரும், மூடிய படகறையில் ஹைட்ரஜன் சேரும். அது பயப்பட வேண்டியதுதான். 1960, 70-களில் சிலர் ரெகுலேட்டரைத் தாண்டி, ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் கம்பியில் ஒரு திருகு மின்தடையைப் பொருத்தினார்கள். ஒரு கண் அம்மீட்டரில், ஒரு கண் வோல்ட்மீட்டரில் வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். நீர்மூழ்கியில் பணிமுறை வைத்து ஆட்கள் செய்ததைப் பாய்ப்படகில் ஒரே ஆள் செய்ய வேண்டியதாயிற்று. அவர் பாயைச் சரிசெய்ய மேலே ஓடினால் பேட்டரி வெந்தது. ஆக, காலத்தைக் கணக்கிடும் மூளை வேண்டியிருந்தது. 1980-களில் மின்னணுவியல் மலிந்தபின்தான் அந்த மூளை ஒரு சிறு பெட்டிக்குள் வந்தது: முதலில் முழு ஓட்டம், பிறகு 14.4 வோல்ட்டில் குறிப்பிட்ட நேரம், பிறகு மிதக்கவிடும் குறைந்த அழுத்தம். 1990-இல் நைஜல் கால்டர் எழுதி வெளிவந்த படகு இயந்திர, மின்னியல் கையேடு, ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சாதாரணப் படகுக்காரருக்கும் விளங்க வைத்தது. நீர்மூழ்கிக்குத் தெரிந்தது பாய்ப்படகுக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

சூரியத் தகட்டின் வெற்றியையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த சிலிக்கான் செல் சூரிய ஒளியில் ஆறு சதவீதத்தை மின்சாரமாக்கியது. முதலில் விண்வெளிக்குப் போனது. அடுத்துக் கடலுக்கு வந்தது. 1966-இல் ஜப்பானின் ஓகாமித் தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு 225 வாட் தகடுகள் பொருத்தப்பட்டன. 1970-களில் எலியட் பெர்மன் விலையைப் பெரிதும் இறக்கியபின், கடல் நடுவே எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கும் மிதவைகளுக்கும் சூரியத் தகடு வழக்கமாகியது. சிறு படகுகள் அதன் பின்னாலேயே வந்தன. திறனை மட்டும் பார்த்தால் இது பரிதாபமான கருவி: 100 வாட் தகடு நல்ல வெயிலில் ஆறு ஆம்பியருக்குள்தான் கொடுக்கும். எஞ்சினின் 50 ஆம்பியருக்கு முன் அது எம்மாத்திரம்? ஆனால் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தில் கேட்பதே ஐந்தோ பத்தோ ஆம்பியர்தான். கேட்கும் அளவையே, கேட்கும் அத்தனை மணி நேரமும், டீசல் செலவின்றி, சத்தமின்றிக் கொடுக்கும் கருவி இதற்கு முன் படகில் இருந்ததில்லை. காலையில் அரை மணி நேரம் எஞ்சின் ஓட்டி அடித்தளத்தை நிரப்பிவிட்டு, மிச்சத்தை வெயிலுக்கு விட்டவர்களின் பேட்டரிகள் ஆண்டுகளைத் தாண்டின. தேம்ஸ் மிதவையில் இரவெல்லாம் நடந்த வேலை இப்போது பகலெல்லாம் படகின் கூரையிலேயே நடக்கிறது. காற்றாடிகளும் இதே பொறுமையைத் தருபவைதான். ஆனால் நங்கூரத்துக்கு ஒதுக்குப்புறமான, காற்றடிக்காத விரிகுடாவைத் தேடும் வழக்கம் அவற்றுக்கு எதிரி.

இந்த வாதத்துக்குக் கடைசிச் சோதனை லித்தியம். நேரமே பிரச்சினை என்றால், நேரம் கேட்காத பேட்டரி வந்ததும் எல்லாம் சரியாகிவிட வேண்டும் அல்லவா? 1980-களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடெனஃபோடு சேர்ந்து, மலிவான இரும்புச் சேர்மங்களில் லித்தியத்தை ஏற்றி இறக்கலாம் என்று காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் வேதியியல் நோபல் பரிசு குடெனஃபுக்குக் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை ஆற்றியவரும் அவரே. அந்த ஆய்வு வழியில், 1990-களின் நடுவில் குடெனஃபின் குழுவிலிருந்து வந்ததுதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட். இன்று பயணப் படகுகளில் ஈயத்தின் இடத்தைப் பிடித்துவருவது அதுவே. அது ஏறக்குறைய நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்; பாதி வயிற்றோடு கிடந்தாலும் கெடாது. ஆனால் அதை வைத்த படகுகளில் வேறொன்று புகைந்தது: ஆல்டர்னேட்டர். ஈய பேட்டரி சீக்கிரமே ‘போதும்’ என்று சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கார் சாதனம் வடிவமைக்கப்பட்டிருந்தது. போதும் என்று சொல்லாத பேட்டரியின் முன்னால் அது மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடி, தன் சுருளையே எரித்துக்கொண்டது. பேட்டரியின் பாதுகாப்புச் சில்லு திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் எழும் மின்னழுத்தப் பாய்ச்சலில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் வெடித்தன. பேட்டரி மாறியபின்னும் காரிடம் வாங்கிய கடன் தீரவில்லை; வட்டி மட்டும் வேறு வடிவில் வந்தது. ஆல்டர்னேட்டரின் உடலில் வெப்ப உணரி பொருத்தி, சூடேறினால் ஓட்டத்தைக் குறைக்கும் வெளி ரெகுலேட்டர் வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பேட்டரி எத்தனை ஆம்பியர்-மணி, கூரையில் எத்தனை வாட் தகடு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சின் மூடியைத் திறந்து, ஆல்டர்னேட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். சிறிய படகு எஞ்சின்களில் பல இன்றும், ஒரே மின்னழுத்தத்தில் பூட்டிய கார் ரெகுலேட்டரை உள்ளே வைத்த ஆல்டர்னேட்டரோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன.